மாவு, மோட்டார், மீட்டர்: தனியாக வீடெடுத்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்து, ஹாஸ்டலும் மேன்ஷனும் அலுத்துப்போய், ஒற்றை பெட்ரூம் வீடு ஒன்றைப் பிடித்ததும் பலரும் செய்கிற முதல் காரியம் டைம்டேபிள் போடுவது. 5 மணிக்கு எழுவது, 5.15க்கு நடை, 6 மணிக்குச் சமையல், ராத்திரி 10க்கு விளக்கணைப்பு. அது புதன்கிழமை வரை தாக்குப்பிடிக்கும். அன்றைக்கென்று லாரித் தண்ணீர் தாமதமாக வரும், அல்லது ஆபீஸ் கால் ராத்திரி 11 வரை இழுக்கும். ஒரு கட்டம் சரிந்தால் அதற்குக் கீழே எழுதிய எல்லாக் கட்டமும் சேர்ந்து சரியும். 'நமக்கு ஒழுங்கு சரிப்பட்டு வராது' என்று முடிவு கட்டிவிட்டு மறுபடி ஸ்விக்கியைத் திறக்க வேண்டியதுதான்.

இதில் சோம்பலின் பங்கு குறைவு. எல்லாவற்றையும் கடிகாரத்தில் கட்டியதால் வந்த வினை. வீட்டு வேலை ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு கெடு இருக்கிறது. அரைத்த மாவுக்கு நாலைந்து நாள், தேங்கிய தண்ணீருக்கு ஒரு வாரம், கரண்ட் மீட்டருக்கு இரண்டு மாதம். அந்தக் கெடுவைத் தெரிந்துகொண்டு, தினமும் எப்படியும் நடந்துவிடுகிற ஒரு காரியத்தோடு வேலையை முடிச்சுப் போட வேண்டும். இந்தக் கட்டுரை சொல்லப்போவது அந்த முடிச்சைப் பற்றித்தான்.

முதல் வாரம்: எதையும் மாற்றாதீர்கள்

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். ஏழு நாளும் படுக்கப்போகும்முன் இரண்டே விஷயம் குறியுங்கள். ஒன்று, யாரும் சொல்லாமல், அலாரமும் இல்லாமல் இன்றைக்கு என்னென்ன நடந்தது? பல் தேய்த்தது, பால் காய்ச்சியது, போனை சார்ஜில் போட்டது, வாசல் கதவைப் பூட்டியது. இரண்டு, எது கெட்டது? தலையில் ஷாம்பு போட்ட பிறகு குழாயில் காற்று வந்தது, சட்டை ஒன்றுகூட உலரவில்லை, பால் திரிந்தது, மாத்திரை போட்டோமா இல்லையா என்று மத்தியானம் வரை சந்தேகம்.

முதல் பட்டியலில் இருப்பவை சுவரில் ஏற்கெனவே அடித்திருக்கும் ஆணிகள். புது வேலைகளை இவற்றில் மாட்டப்போகிறோம். இரண்டாம் பட்டியலில் எது அதிகம் நஷ்டமோ, எது அதிகம் எரிச்சலோ, அந்த மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நான்காவது வேண்டாம். தியானம், டைரி, கிடார் வகுப்பு எல்லாம் வீட்டில் தண்ணீர் ஒழுங்காக வரத் தொடங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆணியில் மாட்டுவது

எழுதும்போது வாக்கியம் இந்த அச்சில் இருக்கட்டும்: 'இது முடிந்ததும், இந்த இடத்தில், இதைச் செய்வேன்.' 'தினமும் வீட்டைச் சுத்தமாக வைத்திருப்பேன்' என்ற உறுதிமொழிக்கும் இதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. எப்போது, எங்கே, எப்படி என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டுவைத்த எண்ணங்கள் வெறும் விருப்பங்களைவிட அதிகம் நிறைவேறுகின்றன என்பதை பீட்டர் கோல்விட்ஸர் என்ற உளவியலாளர் 1999இல் விரிவாக எழுதினார்.

ஆணி பொடியான ஒற்றைச் செயலாக இருக்க வேண்டும். 'ஆபீஸிலிருந்து வந்ததும்' என்பது ஆணி ஆகாது. வருவது, பையை வைப்பது, சோபாவில் சாய்வது, போனைத் திறப்பது எல்லாமே அதற்குள் அடங்கிவிடும். எழுந்திருக்கும்போது ஒன்பதரை ஆகியிருக்கும். 'செருப்பைக் கழற்றியதும் டிபன் பாக்ஸை சிங்க்கில் வைத்துத் தண்ணீர் ஊற்றுவேன்' என்பது ஆணி. காய்ந்து ஒட்டிய சாம்பார் டப்பாவை மறுநாள் காலையில் சுரண்டும் வேலை இந்த ஒரு வரியில் போய்விடும்.

மோட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிளாட்டில் வாட்ச்மேன் பார்த்துக்கொள்வார். இரண்டு மூன்று குடித்தனம் உள்ள வீட்டில் அநேகமாக மாடியில் இருப்பவர் தலையில் இது விழும். பால் பாத்திரத்தை அடுப்பில் வைத்ததும் மோட்டார் சுவிட்ச் என்று முடிச்சுப் போடலாம். ஆனால் தொடங்குவதற்கு ஆணி இருந்தால் மட்டும் போதாது, நிறுத்துவதற்கும் ஒன்று வேண்டும். டேங்க் வழிந்து பக்கத்து வீட்டுக்காரர் கத்தும் சத்தத்தை ஆணியாக வைத்துக்கொள்ளக் கூடாது. காலி டேங்க் நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நின்று பாருங்கள். அதில் ஐந்து நிமிடத்தைக் குறைத்து, அந்தக் கணக்கைச் சுவிட்ச் பக்கத்தில் பென்சிலால் எழுதிவையுங்கள். சுவிட்சைப் போட்ட அதே கையால் போனில் டைமரும் போட வேண்டும். அதற்கும் முன்னால் சம்ப் எனப்படும் தரையடித் தொட்டியின் மூடியைத் திறந்து தண்ணீர் இருக்கிறதா என்று ஒரு பார்வை. சம்ப் வறண்டிருக்கும்போது மோட்டார் ஓடினால் சூடேறி சீல் போகும், காயில்கூட எரியலாம். மெக்கானிக்குக் கொடுக்கும் பணத்தைவிட, அவர் வரும்வரை குடத்தில் தூக்குவதுதான் பெரிய தண்டனை.

ராத்திரி பத்து நிமிடம்

காலை நேரத்தில் முடிவெடுக்கும் வேலைகளை வைக்காதீர்கள். எந்தச் சட்டை, என்ன டிபன், சாவி எங்கே என்ற மூன்று கேள்விக்கும் ராத்திரியே பதில் சொல்லிவிட்டுப் படுக்க வேண்டும். இதற்கு நல்ல ஆணி, சாப்பிட்ட தட்டைக் கழுவுவது. தட்டு கழுவியதும் கேஸ் ரெகுலேட்டரை மூடுவது, மேடையைத் துடைப்பது, டிகாஷன் இறக்க வைப்பது. இந்த மூன்றும் ஒரே இடத்தில், நின்ற நிலையில் முடிந்துவிடும்.

ஃபில்டர் காபி குடிப்பவர்களுக்கு டிகாஷன்தான் மொத்த ஏற்பாட்டுக்கும் அச்சாணி. காலையில் போட்டால் இறங்க இருபது நிமிடம் முதல் அரை மணி ஆகும். அந்த அரை மணியில்தான் கை போனுக்குப் போகும். இரண்டு டம்ளர் காபிக்கு மேல் பாத்திரத்தில் குவித்து இரண்டு மேஜைக்கரண்டிப் பொடி போடுங்கள். பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டிச் சமப்படுத்தி, குடை போன்ற அமுக்கியை மேலே வையுங்கள். அழுத்தம் லேசாக இருக்கட்டும். நன்றாகக் கொதித்த தண்ணீர் சுமார் 150 மில்லியை நடுவில் ஊற்றாமல் சுற்றி ஊற்றி, மூடிவிட்டுப் படுத்துவிடலாம். காலையில் மேலேயே தண்ணீர் நின்றால் மூன்று காரணம் இருக்கும்: அமுக்கியை ஓங்கி அழுத்தியது, பொடி மாவு மாதிரி நைஸாக அரைபட்டது, அல்லது ஓட்டைகள் அடைபட்டது. அடைப்புக்கு, மேல் பாத்திரத்தை மட்டும் இடுக்கியால் பிடித்து அடுப்புத் தணலில் ஒரு நிமிடம் காட்டுங்கள். சிக்கிய பொடி கருகி உதிரும். ஆறிய பிறகு பழைய பிரஷ்ஷால் தேய்த்துவிட வேண்டும். தண்ணீர் மடமடவென்று இறங்கி டிகாஷன் வெளுத்திருந்தால் பொடி கொரகொரப்பாக இருக்கிறது, அல்லது அமுக்கியே வைக்கவில்லை என்று அர்த்தம்.

மாத்திரை போடுபவர்கள் இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். எந்த ஆணியில் மாட்டுகிறோம் என்பதைவிட, அது வரிசையில் எங்கே இருக்கிறது என்பது சில நேரம் முக்கியம். தைராய்டு மாத்திரையைக் காபியோடு முடிச்சுப் போட்டால் காரியம் கெட்டது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, காபிக்கோ சாப்பாட்டுக்கோ அரை மணி முதல் ஒரு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளை அதிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளிப் போட வேண்டும். ஆகவே அதற்கு ஆணி பல் தேய்ப்பது. பிறகு குளியல், துணி மாற்றுதல், அதன் பின் காபி. வேறு மாத்திரைகளுக்கு நேரம் மருத்துவர் சொன்னபடி.

ஏழு அறை உள்ள மாத்திரை டப்பா மருந்துக் கடையில் மலிவாகக் கிடைக்கும். ஞாயிறு ராத்திரி நிரப்புங்கள். 'போட்டேனா?' என்ற சந்தேகத்துக்கு அறை காலியா என்று பார்த்தால் போதும். ஈரம் படக்கூடாத சில மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரிக்கக் கூடாது. நிரப்புவதற்கு முன் மருந்துக் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அட்டையில் பத்து மாத்திரை மீதி இருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிட வேண்டும்.

சனிக்கிழமை மாவு

வாரத்துக்கு ஒரே ஒரு பெரிய சமையல் வேலைதான் செய்வேன் என்றால், அது மாவாட்டுவதாக இருக்கட்டும். ஐந்து நாள் டிபன் கவலையை ஒரு சாயங்காலம் தீர்த்துவிடும்.

ஒருவருக்கு அளவு: இட்லி அரிசி 2 கப், தோல் நீக்கிய முழு உளுந்து அரை கப், வெந்தயம் அரை டீஸ்பூன். கிரைண்டர் இல்லாமல் மிக்ஸியில் அரைப்பவர்கள் உளுந்தை முக்கால் கப் வரை கூட்டலாம். மிக்ஸியில் உளுந்து அவ்வளவாகக் காணாது. சனிக்கிழமை காலை காபி டம்ளரைக் கழுவியதும் அரிசியைக் களைந்து ஊறவையுங்கள். உளுந்தும் வெந்தயமும் தனிப் பாத்திரத்தில். நான்கைந்து மணி நேரம் போதும். முதலில் உளுந்து. கிரைண்டரில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து 25 முதல் 30 நிமிடம் ஓடினால் பொங்கப் பொங்க வரும். ஒரு சொட்டைத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். மிக்ஸியானால் ஐஸ் தண்ணீர் விட்டு, இடையிடையே நிறுத்தி அரையுங்கள். சூடேறிய உளுந்து மாவு பொங்காது. அரிசி நைஸான ரவைப் பதம். இரண்டையும் கையால் கலந்து, பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பாமல் மூடிவையுங்கள். பாதி என்று சொன்னதை அலட்சியம் செய்தால் ஞாயிறு காலை மாவைத் தரையிலிருந்து துடைக்க வேண்டியிருக்கும்.

மே மாதச் சென்னையில் ஆறேழு மணி நேரத்தில் பொங்கிவிடும், மார்கழியில் பத்து பன்னிரண்டு மணி கூட ஆகலாம். உப்பு புளிப்பைச் சற்றுத் தாமதப்படுத்தும் என்பதால் வெயில் காலத்தில் அரைத்த உடனேயும், குளிரில் பொங்கிய பிறகும் போடுவது நல்லது. ஞாயிறு காலை இட்லி ஊற்றிவிட்டு, மீதியை உடனே ஃபிரிட்ஜில் தள்ளுங்கள். திங்கள், செவ்வாய் இட்லி. புதன், வியாழன் தோசை. வெள்ளிக்குப் புளித்தது வெங்காய ஊத்தப்பமாகும்.

மாவு சீக்கிரம் கெடுவதற்கு வழக்கமான காரணம், தினமும் முழுப் பாத்திரத்தையும் வெளியே எடுத்துவைத்து மறுபடி உள்ளே வைப்பது. அன்றைக்கு வேண்டிய இரண்டு கரண்டியை மட்டும் சின்னக் கிண்ணத்தில் எடுங்கள். அரைக்கவே பிடிக்காதவர்கள் கடையில் ஒரு கிலோ பாக்கெட் வாங்கலாம், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அதையும் சனிக்கிழமை வாங்குங்கள், பசித்த பிறகு வாங்காதீர்கள்.

ஏழு நாள் என்று ஏன் கணக்கு

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, நம் ஊர் வெப்பத்தில் முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏறக்குறைய 7 முதல் 10 நாள் ஆகும். வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டிவிட்டால் அந்தச் சுற்று பாதியில் அறுந்துபோகும். பத்து நாளுக்கு ஒருமுறை என்றால் செய்த வேலை வீண். கொட்டினால் மட்டும் போதாது, தேய்க்கவும் வேண்டும். முட்டைகள் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பக்கெட்டின் உள்சுவரில் ஒட்டிக்கொள்ளும். மாதக் கணக்கில் காய்ந்து கிடந்தாலும், மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரிக்கும்.

இதற்கு ஆணி, ஞாயிற்றுக்கிழமைத் தலைக்குளியல். குளிக்கும் முன் பக்கெட், டிரம், மக் எல்லாவற்றையும் கவிழ்த்துத் தேங்காய் நாரால் உள்பக்கம் தேய்த்துவிட்டு, பிறகு எண்ணெய் வையுங்கள். பாத்ரூம் எப்படியும் நனையத்தானே போகிறது. மறந்துபோகும் இடங்கள் வேறு சில உண்டு: ஃபிரிட்ஜின் பின்னால் அடியில் இருக்கும் தட்டு, பூந்தொட்டிக்குக் கீழே வைத்த தட்டு, ஏசித் தண்ணீர் சொட்டும் டப்பா, பால்கனியில் கிடக்கும் காலி பெயின்ட் வாளி. ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வாரச் சுற்றைத் தவறவிடாதீர்கள்.

கிழிக்கும் காலண்டர்

மாதம் ஒருமுறை, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் வேலைகளுக்குத் தினசரி ஆணி உதவாது. போனில் ரிமைண்டர் போட்டால், வண்டி ஓட்டும்போது அடிக்கும், ஒரு தள்ளு தள்ளிவிட்டு மறந்துபோவோம். மளிகைக் கடையில் புத்தாண்டுக்கு ஓசியாகக் கொடுக்கும் தினசரி காலண்டர் இதற்குத் தோதான கருவி. நல்ல நேரம், ராகு காலம் பார்க்காதவர்களுக்கும் அதில் ஒரு பயன் இருக்கிறது.

காபி மேடைக்கு மேலே, கண்ணுக்கு நேராக மாட்டுங்கள். பால் காய்வதற்குள் நேற்றைய தாளைக் கிழிப்பது தினசரி வேலை. எதிர்காலத் தாள்களைத் தூக்கி, எந்த நாளில் என்ன செய்ய வேண்டுமோ அந்தத் தாளிலேயே இப்போதே பேனாவால் எழுதிவிடுங்கள். 5ஆம் தேதித் தாளில் 'வாடகை'. 20ஆம் தேதித் தாளில் 'மாத்திரை வாங்கு'. அந்த நாள் வரும்வரை அது கண்ணில் படாது, நச்சரிக்காது. அந்த நாள் வந்ததும் பார்க்காமல் இருக்கவும் முடியாது. ஒரு தாளில் ஒரு வேலைக்கு மேல் எழுதாதீர்கள். இரண்டாவது அடுத்த நாளுக்குப் போகட்டும். வேலை முடியவில்லையென்றால் தாளைக் கிழிக்கக் கூடாது. கிழிக்காத தாள் மூன்று நாள் தொங்கினால், அந்த வேலை உங்களுக்குப் பெரிதாக இருக்கிறது என்று பொருள். பாதியாக உடைத்து எழுதுங்கள்.

மீட்டரும் சிலிண்டரும்

தமிழ்நாட்டில் வீட்டு மின் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. முதலில் குறிப்பிட்ட யூனிட் வரை கட்டணம் கிடையாது. அதற்கு மேல் படிப்படியாக ஏறும்; 500 யூனிட்டைத் தாண்டினால் அட்டவணையே மாறி, தாண்டாத பகுதிக்கும் சேர்த்துக் கூடுதலாக விழும். 498க்கும் 510க்கும் உள்ள தூரம் பில்லில் பன்னிரண்டு யூனிட்டாகத் தெரியாது.

ரீடிங் எடுத்த அன்றைக்கு மீட்டரில் கிலோவாட் மணி (kWh) என்ற எண்ணை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். டிஜிட்டல் மீட்டரில் எண்கள் மாறி மாறி ஓடும், பொறுமையாக நின்று சரியானதைப் பிடிக்க வேண்டும். அன்றிலிருந்து முப்பதாவது நாள் காலண்டர் தாளில் 'மீட்டர் பார்' என்று எழுதுங்கள். அன்று 250ஐத் தாண்டியிருந்தால், மிச்ச முப்பது நாளில் கையைச் சுருக்க இன்னும் நேரம் இருக்கிறது. 1.5 டன் ஏசி ஒரு மணி நேரத்துக்கு ஒரு யூனிட் இழுக்கிறது என்று வைத்தாலே, ராத்திரி 8 மணி நேரம், 60 நாளுக்கு 480 யூனிட். மின்விசிறியும் ஃபிரிட்ஜும் சேர்வதற்கு முன்பே கணக்கு விளிம்பில் நிற்கிறது. விடியற்காலை மூன்றரைக்கு ஏசி தானாக அணைய டைமர் வைத்தால் இதில் கணிசமாகக் குறையும். வீட்டுக்காரர் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் வீடானால் இந்தக் கணக்கு பொருந்தாது. குடிபோகும் முன்பே ரேட்டைக் கேட்டுவிடுங்கள்.

14.2 கிலோ சிலிண்டரை மாற்றிய தேதியை மார்க்கரால் சிலிண்டர் பக்கத்துச் சுவரில் எழுதுங்கள். இரண்டு சிலிண்டர் தீர்ந்ததும் உங்களுக்கு எத்தனை நாள் வருகிறது என்று தெரிந்துவிடும். அதில் பத்து நாளைக் குறைத்துக் காலண்டரில் 'கேஸ் புக் செய்' என்று எழுத வேண்டும். சந்தேகமாக இருந்தால் ஈரத்துணியால் சிலிண்டரை மேலிருந்து கீழ்வரை ஒரு துடைப்புத் துடையுங்கள். கேஸ் திரவமாக இருக்கும் மட்டம் வரை ஈரம் மெதுவாகக் காயும், மேலே சீக்கிரம் காய்ந்துவிடும். ஒற்றை சிலிண்டர்காரர்கள் ஒரு இன்டக்‌ஷன் அடுப்பைக் கையிருப்பாக வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். உள்ளூர் முகவரிச் சான்று இல்லாதவர்கள் அடையாள அட்டையைக் காட்டி 5 கிலோ சிலிண்டர் வாங்கலாம்.

எத்தனை நாளில் படியும்

21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று சொல்வதை நம்பி 22ஆம் நாள் சோர்ந்துபோகாதீர்கள். மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்கப் பிளாஸ்டிக் சர்ஜன், புது முகத்துக்குத் தன் நோயாளிகள் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960இல் எழுதியது, கைமாறிக் கைமாறி இப்படித் திரிந்துவிட்டது. 2009இல் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், 96 பேர் ஆளுக்கொரு புதுப் பழக்கத்தை 12 வாரம் செய்து பார்த்தார்கள். தானாக வரும் நிலைக்கு நடுவாந்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கும் பழக்கத்துக்கும் தக்கபடி 18 நாளிலிருந்து 254 நாள் வரை மதிப்பிட்டார்கள். ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பது சீக்கிரம் படிந்தது, உடற்பயிற்சி இழுத்தது. ஒரு நாள் விட்டுப்போனது பெரிதாக எதையும் கெடுக்கவில்லை.

66 நாள் என்பது ஏறக்குறைய ஒரு மின் ரீடிங்கிலிருந்து அடுத்த ரீடிங் வரை. அதையே தவணையாக வைத்துக்கொள்ளுங்கள். ரீடிங் எடுத்த அன்று நோட்டைத் திறந்து மூன்று வேலைகளையும் பாருங்கள். யோசிக்காமல் நடப்பதை அடித்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு புது வேலையைச் சேர்க்கலாம். திரும்பத் திரும்ப விட்டுப்போவதற்கு ஆணியை மாற்றுங்கள், அளவைச் சுருக்குங்கள். அப்படியும் நடக்காவிட்டால் தூக்கி எறியுங்கள். துணி தேய்ப்பதை முக்குக் கடை இஸ்திரிக்காரரிடம் கொடுப்பது தோல்வி ஆகாது.

ஷிப்ட் வேலைக்காரர்களுக்கு இந்த முறையில் மாற்ற வேண்டியது அதிகமில்லை. 'காலை' என்று எழுதிய இடத்தில் எல்லாம் 'எழுந்ததும்' என்று படித்துக்கொண்டால் சரி. மாத்திரைக்கு மட்டும் ஷிப்ட் மாறும்போது மருத்துவரைக் கேளுங்கள்.

ஊருக்குப் போகும்போது

தீபாவளிக்கோ பொங்கலுக்கோ நான்கு நாள் ஊருக்குப் போய்வந்தால்தான் பலருக்கும் எல்லாம் அறுந்துபோகிறது. கிளம்பும் அன்று பூட்டு கையில் இருக்கும்போதே ஒரு சுற்று வாருங்கள்: ரெகுலேட்டர் மூடியிருக்கிறதா, மோட்டார் சுவிட்ச் அணைந்திருக்கிறதா, பக்கெட்டெல்லாம் கவிழ்த்தாயிற்றா, குப்பை வெளியே போயிற்றா, மீதி மாவு எதிர்வீட்டுக்குப் போயிற்றா. மாத்திரை டப்பாவைக் கைப்பையில் வையுங்கள். பஸ்ஸில் லக்கேஜோடு கீழே போகும் பையில் வேண்டாம்.

திரும்பி வந்த ராத்திரி வீட்டைப் பெருக்க உட்காராதீர்கள். குடித்த டம்ளரைக் கழுவிவிட்டு டிகாஷன் மட்டும் போட்டுவிட்டுப் படுங்கள், பால் வாங்கி வரவில்லையென்றாலும் சரி. காலையில் நான்கு தாளையும் சேர்த்துப் பிடித்து ஒரே இழுப்பில் கிழிக்காமல், ஒவ்வொன்றாகத் தூக்கிப் பாருங்கள். நடுவில் ஒன்றில் 'மீட்டர் பார்' என்று எழுதியிருக்கலாம்.